ஹிமாலயன் 411: கழுவிப் போடும் ஸ்டீல் ஆயில் பில்டரா, கம்பெனி காகித பில்டரா?

நெடுஞ்சாலை_411

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 2019 மாடல் ராயல் என்பீல்டு ஹிமாலயன் 411. ஜூன் கடைசியில் சேலத்திலிருந்து கிளம்பி மணாலி வழியாக லே போய், ஸ்ரீநகர் பக்கம் இறங்கி ஊர் திரும்புவதாகத் திட்டம். போய் வர 7,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். நடுவில் ஒரு ஆயில் சேஞ்ச் கண்டிப்பாக வரும்.

உடன் வரும் நண்பர் ஒருவர், "காகித பில்டரை விடு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை வைத்த பில்டர் ஒன்று வாங்கிப் போடு, வண்டி இருக்கும் வரைக்கும் அது போதும்" என்கிறார். அவர் சொல்லும் காரணங்கள்: கழுவிக் கழுவிப் போடலாம், ஆயில் ஓட்டம் கூடும், நாளடைவில் காசு மிச்சம், குப்பையும் சேராது. அமெரிக்காவில் கே அண்ட் பி, ஸ்காட்ஸ், ஃப்ளோ என்று சில பிராண்டுகள் இருக்கின்றன. நிறைய வண்டிகளுக்குச் செய்கிறார்கள். விலை 60 டாலருக்கு மேல். கூரியர், சுங்கம் எல்லாம் சேர்த்து இங்கே வந்து சேரும்போது 6,000 ரூபாயைத் தாண்டும் போலிருக்கிறது. ஆன்லைனில் பெயரே இல்லாத ஒன்று 1,200 ரூபாய்க்கும் கிடைக்கிறது.

போட்டு ஓட்டியவர்கள், கழற்றிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். காசு போனால் பரவாயில்லை, இன்ஜினுக்கு எது நல்லது என்று தெரிய வேண்டும்.

பட்டறைவாசி

தம்பி, ஈரோட்டில் பட்டறை வைத்திருக்கிறேன். புல்லட், ஹிமாலயன்தான் அதிகம் வரும். காகிதமே போடுங்கள்.

முதலில் காசுக் கணக்கைப் பார்ப்போம். கம்பெனி பில்டர் ஓ-ரிங்கோடு (மூடியில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) சேர்த்து 150 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6,000 ரூபாய்க்கு 40 பில்டர் வாங்கலாம். 5,000 கிலோமீட்டருக்கு ஒன்று மாற்றினாலும் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அதுவரை அந்த வண்டி உங்களிடமே இருக்கும் என்றால்தான் ஸ்டீலில் போட்ட காசு திரும்பும். அதற்குள் ஓ-ரிங் எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள், கழுவ டீசலும் வாங்கத்தான் போகிறீர்கள்.

1,200 ரூபாய் சரக்கைப் பற்றி ஒன்றே ஒன்று. பெட்டியில் எத்தனை மைக்ரான், அதாவது வலைக்கண் எவ்வளவு சின்னது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதாத வலையை இன்ஜினுக்குள் விடாதீர்கள்.

லேயில் என்ன செய்வது என்ற பயமும் வேண்டாம். மணாலியிலும் லேயிலும் ராயல் என்பீல்டு வண்டிகள்தான் குவிந்து கிடக்கின்றன, 411க்கு பில்டர் கிடைக்கும். அப்படியும் மனசு கேட்கவில்லையா, சாமான் பையில் இரண்டு பில்டர் எடுத்துப் போங்கள். கை அகலம்தான் இருக்கும், கனமே தெரியாது.

செம்மண்தடம்

அண்ணன் சொல்வது ரோட்டு வண்டிக்குச் சரி. ஆனால் ஸ்டீல் பில்டரையே ஒதுக்கிவிட வேண்டாம். நான் கோவைப் பக்கம் சூப்பர்கிராஸ், டர்ட் ரேஸ் ஓட்டுகிறவன். 250 சிசி இறக்குமதி வண்டியில் ஸ்டீல் பில்டர்தான் போட்டிருக்கிறேன், எனக்குப் பிடித்திருக்கிறது.

காரணம் இதுதான். மோட்டோகிராஸ் வண்டிக்கு கிலோமீட்டர் கணக்கு கிடையாது, மணிக்கணக்குதான். சில மணி நேரம் ஓட்டியதும் ஆயிலை இறக்கிவிடுவோம். அப்போது பில்டரையும் கழற்றினால் உள்ளே என்ன நடக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். காகிதத்தை வெட்டி, மடிப்பை விரித்து, பிழிந்து, வெயிலில் காட்டிப் பார்க்க வேண்டும். ஸ்டீல் வலையை ஒரு வெள்ளைத் தட்டில் டீசல் விட்டு அலசினால் போதும். தட்டில் பளபளவென்று மெல்லிய தூள் மட்டும் இறங்கினால் கியர் பல்லும் கிளட்ச் பிளேட்டும் தேய்கிற வழக்கமான தூள்தான். நகத்தில் தட்டுப்படுகிற மாதிரி செதில் ஒன்று கிடந்தால் அன்றைக்கே இன்ஜினைத் திறக்க வேண்டியதுதான். காந்தத்தைத் தட்டுக்கு அடியில் வைத்து நகர்த்துவேன். கூடவே ஓடி வந்தால் இரும்பு, அதாவது கியர் அல்லது பேரிங். வராமல் கிடந்தால் அலுமினியம், பிஸ்டனையோ கேஸையோ சந்தேகப்பட வேண்டும்.

இன்னொன்று, ஆற்றில் இறங்கி ஏறுகிற வண்டிக்குள் தண்ணீர் போய் ஆயில் பால் நிறத்துக்கு மாறினால் காகிதம் ஊறி நொய்ந்து போகும். ஸ்டீலுக்கு அந்தக் கவலை இல்லை.

நுண்துளை

நெடுஞ்சாலை தம்பி, நான் பில்டர் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் சோதனைப் பிரிவில் சில வருடம் வேலை பார்த்தவள். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீல் பில்டர் விற்கிறவர்கள் "35 மைக்ரான்" என்று போடுவார்கள். கே அண்ட் பி, ஸ்காட்ஸ் இரண்டும் சொல்வது அந்த அளவுதான். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான். ஆக 35 என்பது முடியில் பாதி. கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது இரண்டு வகையும் வடிகட்டும் விதத்தைப் பாருங்கள். நெய்த ஸ்டீல் வலை ஒரு சல்லடை. கண் 35 மைக்ரான் என்றால் அதைவிடப் பெரியது நிற்கும், சிறியது போய்விடும். எத்தனை முறை சலித்தாலும் 20 மைக்ரான் துகள் 20 மைக்ரான் துகள்தான், ஒவ்வொரு முறையும் தாண்டித்தான் போகும். காகிதம் அப்படி இல்லை. அது ரெசின் ஏற்றிய நார்கள் தாறுமாறாக அடுக்கிய ஒரு மெத்தை. துளை எல்லாம் ஒரே அளவாக இருக்காது. 20 மைக்ரான் துகள் ஒன்று நுழைந்தால் தப்பியும் போகலாம், உள்ளே எங்காவது மாட்டியும் கொள்ளலாம். ஒரு தடவைக்குப் பாதிதான் மாட்டுகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆயில் சும்மா நிற்பதில்லையே, பம்ப் அதைச் சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பத்து சுற்று வந்தால் மிச்சம் 1,024-ல் ஒரு பங்கு. சின்னத் துகளில் காகிதம் ஜெயிப்பது இந்த இடத்தில்தான்.

அதனால்தான் பில்டரைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 4548-12 முறையில் ஆயிலை ஒரே ஒரு தடவை ஊற்றிப் பார்த்துவிட்டு முடிவு எழுதுவதில்லை. அளந்த தூசியைக் கலந்து, திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, பில்டருக்கு முன்னால் எத்தனை துகள், பின்னால் எத்தனை துகள் என்று எண்ணுவோம். அந்த விகிதத்துக்கு பீட்டா என்று பெயர். பீட்டா 2 என்றால் பாதி பிடிபடுகிறது. 20 என்றால் 95 சதவீதம். 75 என்றால் 98.7 சதவீதம். "இத்தனை மைக்ரான்" என்று எண்ணை மட்டும் போட்டுவிட்டு பீட்டாவைச் சொல்லாத விளம்பரத்தை வைத்து இரண்டு பில்டரை ஒப்பிடவே முடியாது.

சரி, 20 மைக்ரான் துகளால் என்ன கெடுதல்? பேரிங்கில் நிற்கிற ஆயில் படலம் சுமையைப் பொறுத்துச் சில மைக்ரானிலிருந்து 20 மைக்ரான் வரை மாறும். படலத்தைவிட ரொம்பப் பெரிய துகள் அந்த இடுக்கில் நுழையவே முடியாது. ரொம்பச் சின்னது உராயாமல் கடந்துவிடும். இடைவெளிக்கு ஏறக்குறைய சமமான அளவில் இருப்பதுதான் உள்ளே புகுந்து இரண்டு பக்கத்தையும் அரைக்கும். 1988-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சியாளர்கள் எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர்கள் அமைப்பில் ஒரு ஆய்வைப் பதிப்பித்தார்கள். 40 மைக்ரான் பில்டரோடு ஒப்பிட்டால், 30 மைக்ரான் போட்டபோது தேய்மானம் பாதியாகக் குறைந்தது, 15 மைக்ரானில் 70 சதவீதம் குறைந்தது. அது வேண்டுமென்றே தூசியைக் கலந்து வேகப்படுத்திய சோதனை. பைக் இன்ஜினும் இல்லை. அதனால் அதே சதவீதம் உங்கள் வண்டியிலும் வரும் என்று சொல்ல மாட்டேன். போக்கு எந்தப் பக்கம் என்பதற்கு அது போதும்.

கார் இன்ஜினைவிட பைக்குக்கு இது முக்கியம் என்பேன். ஈர கிளட்ச் (ஆயிலில் நனைந்தபடியே வேலை செய்வது), கியர்பாக்ஸ், இன்ஜின் மூன்றுக்கும் ஒரே ஆயில். கியர் பல் தேய்ந்த தூளும் கிளட்ச் பிளேட்டின் நாரும் அதே ஆயிலில் கலந்துதான் கிராங்க் பக்கம் போகிறது.

நெடுஞ்சாலை_411

அக்கா, பெரிய நன்றி. ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. "ஸ்டீல் என்றால் ஆயில் ஓட்டம் பல மடங்கு கூடும்" என்கிறார்களே, அதில் உண்மை இல்லையா? லேயில் காலையில் குளிர் எடுக்கும். ஆயிலும் 15டபிள்யூ-50, கெட்டியாக இருக்கும்.

நுண்துளை

அதில் பாதி உண்மை. பைக்கின் ஆயில் பம்ப் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று அளந்து தள்ளுகிற வகை. முன்னால் இருக்கும் பில்டர் கொஞ்சம் தடுத்தாலும் அழுத்தம்தான் ஏறும், தள்ளும் அளவு பெரிதாக மாறாது. ஆகவே இன்ஜின் சூடானபின் "ஓட்டம் கூடுகிறது" என்பது வெறும் விளம்பரம். பம்ப் தள்ளுவதைவிட அதிகமாக எந்த பில்டரும் இன்ஜினுக்குக் கொடுத்துவிட முடியாது.

குளிரில் கதை கொஞ்சம் வேறு. கெட்டியான ஆயில் காகிதத்தில் திணறும்போது, பில்டரிலோ இன்ஜினிலோ இருக்கும் பைபாஸ் வால்வு திறந்து ஆயிலை வடிகட்டாமலே உள்ளே விடும். ஆயில் இல்லாமல் ஓடுவதைவிட அழுக்கு ஆயிலோடு ஓடுவது மேல் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். ஸ்டீல் வலை தடுப்பது குறைவு என்பதால் அந்த வால்வு அபூர்வமாகத்தான் திறக்கும். இது நிஜமான அனுகூலம்தான். ஆனால் அதற்கு இன்னொரு வழி இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் முறுக்காமல், இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு, முதல் சில கிலோமீட்டரை நிதானமாக ஓட்டுங்கள். ஆயில் இளகியதும் வால்வு மூடிக்கொள்ளும். வழியெல்லாம் 35 மைக்ரானுக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் உள்ளே விடுவதைவிட இது நல்லது.

அப்புறம், பலர் கே அண்ட் என் என்ற பில்டர் கம்பெனி பெயரைச் சொல்லி "அவர்களே கழுவிப் போடும் பில்டர் விற்கிறார்களே" என்பார்கள். கழுவி எண்ணெய் தடவிப் போடுவது அவர்களுடைய ஏர் பில்டர். ஆயில் பில்டரைப் பொறுத்தவரை அவர்கள் விற்பதும் ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிகிறதுதான்.

பட்டறைவாசி

அம்மா அழகாக விளக்கிவிட்டார்கள். பட்டறைப் பக்கத்திலிருந்து நான் ஒன்று சேர்க்கிறேன். ஸ்டீல் பில்டரில் வலையைவிடப் பெரிய பிரச்சினை கழுவுகிற கைதான்.

வெளி ஊரில் போட்டுவிட்டு வந்த ஒரு வண்டி என்னிடம் வந்தது. பில்டர் நல்ல பிராண்டுதான். கழற்றி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து உள்பக்கமாகப் பார்த்தேன். மடிப்பு இடுக்கில் வெள்ளை வெள்ளையாகச் சின்ன நூல். வேறொன்றும் இல்லை, பனியன் வேஸ்ட். எந்தப் பட்டறையிலோ பில்டரை டீசலில் முக்கி, விரலில் பனியன் வேஸ்ட்டைச் சுற்றி, உள்ளே விட்டுத் துடைத்திருக்கிறார்கள். பில்டரின் உள்பக்கம் என்பது வடிகட்டி முடிந்த ஆயில் வெளியேறுகிற பக்கம். அங்கே ஒட்டிய நூல் எந்த வடிகட்டலும் இல்லாமல் நேராக ஆயில் துவாரத்துக்குத்தான் போகும். அது ஆயிலைப் பீய்ச்சும் ஜெட் வாயில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கம்ப்ரஸர் வைத்திருக்கிறவர்கள் செய்வது இன்னொரு ரகம். வெளியிலிருந்து உள்ளே காற்றடிப்பார்கள். வெளிப்பக்கம் ஒட்டியிருந்த அழுக்கு முழுக்க உள்ளே வந்து சேரும். காகித பில்டரில் இந்த வேலைக்கே இடமில்லை. பழையதை எடுத்தோமா, புதியதை வைத்தோமா, முடிந்தது. ஆள் மாறினாலும் ஊர் மாறினாலும் பலன் ஒன்றுதான். ஊர் ஊராகப் போகிற வண்டிக்கு இதைவிட என்ன வேண்டும்?

பழைய_புல்லட்

கழுவிப் போடுவது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில் முதலில் வந்தது ஃபெல்ட் துணி பில்டர்தான். வெளியே எடுத்து பெட்ரோலில் அலசி, காயவைத்து, திரும்பப் போடச் சொல்லித்தான் கையேட்டிலேயே இருந்தது. அதுவும் காலத்துக்கும் இல்லை. சில தடவை அலசியபின் புதிது போட வேண்டும் என்றும் சேர்த்தே எழுதியிருந்தார்கள். அப்புறம் அதே இடத்துக்குக் காகிதம் வந்தது. அந்த பில்டரைத் தாண்டித்தான் பிக் எண்டுக்கு, அதாவது கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் பேரிங்குக்கு, ஆயில் போகும். என் வீட்டு வண்டியில் காகிதம்தான் ஓடுகிறது. சந்தையில் இன்னும் துணி பில்டர் கிடைக்கிறது, நான் வாங்குவதில்லை.

சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் பில்டர் வாங்குகிறவர்கள் கொஞ்சம் கவனம். கம்பெனி டப்பா மாதிரியே அச்சடித்த டூப்ளிகேட் கிடைக்கிறது. கையில் எடுத்து மடிப்பைப் பாருங்கள். நல்ல பில்டரில் மடிப்பு எல்லாம் ஒரே இடைவெளியில் நிற்கும். இரண்டு முனையிலும் காகிதம் மூடியோடு முழுக்க ஒட்டியிருக்கும். போலியில் ஒரு பக்கம் மடிப்பு நெருங்கியும் மறு பக்கம் விலகியும் கிடக்கும், பசை விட்டுப்போன இடம் தெரியும். அந்த இடைவெளி வழியே போகிற ஆயில் வடிகட்டவே படாது. ஸ்டீலா காகிதமா என்று விவாதிக்கும் முன் இதைப் பார்க்க வேண்டும்.

செம்மண்தடம்

பட்டறை அண்ணன் சொன்ன பனியன் வேஸ்ட் விஷயம் ரொம்பச் சரி. ஸ்டீல் வைத்திருப்பவர்களுக்காக நான் கழுவும் முறையை எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் மேலோட்டமாக டீசலில் அலசல். அந்த டீசலை வெள்ளைத் தட்டில் பிடித்துப் பார்த்துவிடுவேன். அடுத்து சுத்தமான டீசலில் மென்மையான நைலான் பிரஷ், வெளிப்பக்கம் மட்டும். கம்பி பிரஷ் பக்கமே போகக் கூடாது, நெசவு விலகிவிடும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர், அதன்பின் நல்ல தண்ணீர். கம்ப்ரஸர் காற்றை அழுத்தம் குறைத்து, உள்ளேயிருந்து வெளியே அடிக்க வேண்டும். துணியே தொடக் கூடாது. ஈரம் முழுக்கப் போகிற வரை காயவைத்துவிட்டு, விளக்குக்கு நேரே பிடித்து மடிப்பு மடிப்பாகப் பார்ப்பேன். எங்காவது ஒரு இடத்தில் வெளிச்சம் கூடுதலாகத் தெரிந்தால் அங்கே வலை கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். குப்பையில் போட்டுவிட வேண்டியதுதான், யோசிக்கவே கூடாது. முனையில் இருக்கிற ரப்பர் சீலையும் அழுத்திப் பாருங்கள். கெட்டியாகியிருந்தால் அந்த வழியே ஆயில் ஒழுகும்.

இதெல்லாம் என் ஷெட்டில், என் கையால், நேரம் எடுத்துச் செய்கிறது. நுண்துளை அக்கா சொன்ன சின்னத் துகள் கணக்கையும் ஒத்துக்கொள்கிறேன். எங்கள் வண்டியில் அந்தத் துகள் சேருவதற்குள் ஆயிலே வெளியே போய்விடுகிறது, பிஸ்டனையும் மணிக்கணக்கு வைத்து மாற்றிவிடுகிறோம். 5,000 கிலோமீட்டர் ஒரே ஆயிலில் ஓடும் ஹிமாலயனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

தார்ச்சாலை

நடுவில் ஒரு கேள்வி. எங்கள் தெருமுனை மெக்கானிக் என் பல்சரின் காகித பில்டரையே பெட்ரோலில் அலசி, காற்றடித்து, "இன்னும் ஒரு ரவுண்டு வரும்" என்று திரும்பப் போடுகிறார். அதுவும் கழுவிப் போடுவதுதானே, பரவாயில்லையா?

நுண்துளை

வேண்டவே வேண்டாம். காகிதத்தின் பலமே அழுக்கை நார்களுக்குள்ளே பிடித்து வைப்பதுதான். மேலே இருப்பதுதான் அலசலில் போகும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். காற்றடித்தால் நார் கிழிந்து துளை பெரிதாகும். வெளியே பார்க்க வெளுத்துத் தெரியும், அதை நம்பி ஏமாறாதீர்கள். பல்சர் பில்டர் 100 ரூபாய்கூட வராது. அந்தக் காசை மிச்சம் பிடிக்க இன்ஜினைப் பணயம் வைக்காதீர்கள்.

பட்டறைவாசி

அதோடு இன்னொன்று. பில்லில் பில்டர் என்று போட்டுவிட்டு மாற்றாமல் விடுகிற இடங்களும் உண்டு. பெரிய ஷோரூம், சின்னப் பட்டறை என்று வித்தியாசம் இல்லை. பழைய பில்டரைக் கையில் கேட்டு வாங்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நல்ல மெக்கானிக் தானாகவே எடுத்துக் காட்டுவான். வண்டி புதிது என்றால் முதல் சர்வீஸில் கழற்றிய பில்டரைக் கட்டாயம் பாருங்கள். மடிப்பை வெட்டி வெயிலில் விரித்தால் ஜிகினா தூவிய மாதிரி மின்னும். புது கியர் ஒன்றோடொன்று படிந்த தூள் அது. கேஸ்கெட் பசையின் துணுக்குகளும் இருக்கும். பார்த்துப் பயப்பட வேண்டாம், அடுத்த பில்டரில் அது வெகுவாகக் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால்தான் விசாரிக்க வேண்டும்.

நெடுஞ்சாலை_411

குப்பை விஷயம் மட்டும் யாரும் தொடவில்லை. உண்மையில் என் மனசை உறுத்துவது அதுதான். ஒவ்வொரு தடவையும் எண்ணெய் ஊறிய ஒரு பில்டரைத் தூக்கி எறிகிறோம்.

நுண்துளை

நியாயமான கேள்வி தம்பி. ஸ்டீலைக் கழுவினாலும் அழுக்கு எங்கும் மாயமாகப் போய்விடாது. கழுவிய டீசல் அரை லிட்டர் கறுப்பாக மிஞ்சும், சோப்புத் தண்ணீர் வேறு. அதைச் சாக்கடையில் ஊற்றினால் ஒரு காகித பில்டரை எறிவதைவிடப் பெரிய கேடு. காகித பில்டரை இன்ஜின் சூடு ஆறுவதற்குள் கழற்றி, ஒரு ராத்திரி முழுக்கக் கவிழ்த்து வடியவிட்டால் எண்ணெயில் பெரும்பகுதி இறங்கிவிடும். வடிந்ததைப் பழைய ஆயிலோடு சேர்த்துவிடலாம்.

நிஜமான குப்பை அந்த இரண்டு லிட்டர் சொச்சம் பழைய ஆயில்தான். கட்டட வேலையில் சென்ட்ரிங் பலகைக்குப் பூச வாங்கிப் போகிறார்கள், வேலை முடிந்ததும் அது மண்ணில்தான் இறங்குகிறது. பழைய ஆயில் 2016-ஆம் வருட அபாயக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் தயாரிக்கிற, இறக்குமதி செய்கிற நிறுவனங்களுக்கே அதைத் திரும்பச் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு வைத்திருக்கிறார்கள். உங்கள் மெக்கானிக் பீப்பாயில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்புக்காரருக்குக் கொடுக்கிறாரா என்று கேளுங்கள். கேட்கிறவர்கள் கூடினால்தான் அது நடக்கும். வழியில் ஆயில் மாற்றினால் லடாக் மண்ணில் ஒரு சொட்டு விடாதீர்கள். அங்கே மண்ணில் விழுந்தது பல வருடம் அப்படியே கிடக்கும். கேனில் பிடித்து, லே ஊருக்குள் இருக்கும் பட்டறையில் ஒப்படையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பழைய ஆயில் தோலுக்கும் ஆகாது.

நெடுஞ்சாலை_411

சரி, முடிவு செய்துவிட்டேன். காகிதம்தான். கிளம்பும் முன் இங்கே ஒன்று, திரும்பி வந்ததும் ஒன்று, பையில் ஓ-ரிங்கோடு இரண்டு. நண்பரிடமும் இந்த இழையைக் காட்டினேன், அவரும் ஸ்டீல் ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறார்.

பட்டறை அண்ணே, நடுவழியில் நானே மாற்ற வேண்டி வந்தால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பட்டறைவாசி

முதலில் பழைய பில்டர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மூடிய பில்டர் எந்த வண்டியில் இருந்தாலும், திருப்பிப் போட்டால் ஆயில் வழி அடைபடும். வண்டி ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச தூரம் ஓடவும் ஓடும், அதற்குள் மேலே கேம் பக்கம் காய்ந்துவிடும். ஸ்பிரிங் இருந்தால் அது விழுந்து உருளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஓ-ரிங் மூடியில் இல்லை என்றால் கேஸிங் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன்மேலேயே புதியதையும் வைத்து இறுக்கினால் ஆயில் பீய்ச்சி அடித்து பின் டயர் வரை நனையும். எடுத்துவிட்டோமா என்று விரலால் தடவிப் பாருங்கள். புது ரிங்கில் புது ஆயில் கொஞ்சம் தடவி வையுங்கள்.

மூடி போல்ட்டைப் பலம் காட்டி முறுக்காதீர்கள். அலுமினியம் கேஸ், மரை போய்விட்டால் மலையில் வழியே இல்லை. எம்6 போல்ட் என்றால் 10 நியூட்டன் மீட்டர் அளவுதான். மேனுவலில் உங்கள் வண்டிக்குப் போட்டிருக்கும் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லா போல்ட்டையும் விரலால் ஓட்டிவிட்டு, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு, மூடியைச் சுற்றிக் கசிவு இருக்கிறதா பார்த்துவிட்டு, அணைத்து, ஆயில் அளவை மறுபடி பாருங்கள். காலி பில்டர் கொஞ்சம் குடித்திருக்கும்.

வயல்வரப்பு

எல்லாரும் பெரிய வண்டியாகப் பேசுகிறீர்கள். என்னிடம் இருப்பது 2009 ஸ்ப்ளெண்டர். ஆயில் மட்டும்தான் மாற்றுகிறார்கள், பில்டர் என்ற பேச்சே வருவதில்லை. என் வண்டிக்கு பில்டரே இல்லையா?

பட்டறைவாசி

நல்ல கேள்வி தம்பி. கழுவிப் போடுகிற பில்டர் உங்கள் வண்டியில்தான் கம்பெனியிலேயே வருகிறது. ஒன்றல்ல, இரண்டு.

ஸ்ப்ளெண்டரில் காகிதம் கிடையாது. கிராங்க் முனையில் சுற்றுகிற ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது, சென்ட்ரிபியூகல் பில்டர் என்பார்கள். ஆயில் அதற்குள் நுழைந்து கிராங்க்கோடு சேர்ந்து சுற்றும்போது கனமான துகள் எல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கி, சுவரில் கறுப்புப் பசையாகப் படியும். எடையை வைத்துப் பிரிப்பதால் வலைக்குத் தப்புகிற சின்ன இரும்புத் தூளும் இதில் மாட்டும். இன்னொன்று கேஸின் அடிப்பக்கம் இருக்கும் கம்பி வலை. அது பெரிய குப்பை பம்புக்குள் போகாமல் தடுக்கும், அவ்வளவுதான்.

இரண்டையும் கழுவ வலது பக்க கவரைக் கழற்ற வேண்டும். கிக்கர், கவர் போல்ட், புது கேஸ்கெட் என்று வேலை இருப்பதால் யாரும் தொடுவதில்லை. ஆயில் மட்டும் மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். 2009 வண்டி, இதுவரை திறக்கவே இல்லை என்றால் கிண்ணத்தில் பசை நிறைந்திருக்கும். நிறைந்தபின் புதிதாக வருவது அங்கே தங்காது, நேராக பிக் எண்டுக்குப் போகும்.

வயல்வரப்பு

அதற்குத் தனி டூல் ஏதாவது வேண்டுமா அண்ணே? லாக் நட் கழற்ற வேண்டும் என்று ஒருவர் பயமுறுத்தினார்.

பட்டறைவாசி

கழுவ மட்டும் என்றால் லாக் நட்டைத் தொட வேண்டாம். கிண்ணத்தின் மூடி சின்ன ஸ்க்ரூக்களில்தான் நிற்கிறது. தலை வழுக்கிவிடாமல், சரியான அளவு ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள். இறுகியிருந்தால் இம்பாக்ட் டிரைவர் வைத்து ஒரு தட்டு. பசையை மரக்குச்சியால் சுரண்டி எடுத்து, டீசலில் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். இங்கேயும் பனியன் வேஸ்ட் வேண்டாம். கம்பி வலையை அதன் பள்ளத்திலிருந்து இழுத்தால் வந்துவிடும். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பார்த்து அதே மாதிரி சொருகுங்கள். மூடிக்கும் கவருக்கும் புது கேஸ்கெட் வாங்கி வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள். பழைய கேஸ்கெட் பிய்ந்து வரும், அதன் துணுக்கு ஒன்றுகூட உள்ளே விழாமல் சுரண்டி எடுங்கள். ஈரோடு பக்கம் வந்தால் வண்டியைக் கொண்டு வாருங்கள், திறந்து காட்டுகிறேன்.